முன்னால் ஓடுகிறவன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்குகிற பழக்கம் எனக்கு இல்லை, மேடம். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் அன்றைக்குக் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்துவிடுவார்கள். நான் மட்டும் மின்விசிறிக்குக் கீழே செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் கார் ரேஸ் தொடங்குவதற்குள் ஜோடிகளைப் போட்டு முடிக்க வேண்டும். அந்த வேலையை ஆறு வருடமாக நான்தான் செய்துவந்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் அந்த விளையாட்டுதான். அது புரியாவிட்டால் என்னை வெறும் பொறாமைக்காரன் என்று எழுதிவிடுவீர்கள்.

மம்சாபுரத்தில் ஒன்றாகப் படித்த பன்னிரண்டு பேர் நாங்கள். இப்போது ஒருவன் துபாயில், இரண்டு பேர் திருப்பூரில், மற்றவர்கள் இங்கேயே. வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். வெளிநாட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் கார் பந்தயத்தை வைத்து எங்களுக்குள் ஒரு போட்டி. பணம் கிடையாது. வருடக் கடைசியில் ஜெயித்தவனுக்கு ஒரு கோப்பை, அவ்வளவுதான். பந்தயத்தில் இருபது கார் ஓடும். யார் முதலில் வருவார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். அதனால் இருபது ஓட்டுநர்களையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்துக் கொடுப்பேன். ஒவ்வொரு ஜோடியிலும் யார் முன்னால் முடிப்பார் என்று சொல்ல வேண்டும்.

அப்படியும் ஒரு சிக்கல் உண்டு. வேகமான ஆளையும் மெதுவான ஆளையும் ஜோடி சேர்த்தால் யார் மெதுவான ஆளை எடுப்பார்கள்? அதற்குத்தான் ஹேண்டிகேப். நாங்கள் சலுகை என்போம். ஓட்டுநர்களுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். எப்போதும் முன்வரிசையில் நிற்கிறவர் மாப்பிள்ளை. வயதாகியும் ஓட்டிக்கொண்டிருந்தவர் சித்தப்பா. மாப்பிள்ளை வழக்கமாக இரண்டாவதாக வருவார், சித்தப்பா எட்டாவதாக வருவார் என்று வையுங்கள். சித்தப்பாவுக்கு ஐந்தரை இடம் சலுகை கொடுப்பேன். எட்டாவதாக வந்தாலும் கணக்கில் அவர் இடம் இரண்டரை. மாப்பிள்ளை இரண்டாவதாக வந்தால் தப்பித்தார். ஓர் இடம் சறுக்கினாலும் சித்தப்பாவை எடுத்தவன் ஜெயித்தான். இரண்டு பேரும் ஒரே கணக்கில் முடிந்து சண்டை வரக்கூடாது என்பதற்காக அந்த அரை இடம்.

சலுகை சரியாக அமைந்துவிட்டால் குழுவில் பாதிப் பேர் இந்தப் பக்கம் நிற்பார்கள், பாதிப் பேர் அந்தப் பக்கம். கடைசிச் சுற்று வரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடைசியில் ஓடுகிற காரைக்கூட நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு நிம்மதி கிடைக்கும். உலகத்தில் ஒரு இடத்திலாவது எல்லோரும் சமமாக நிற்கிறார்கள், அதைச் செய்தவன் நான் என்று.

சலுகை போடுகிறவன் ஆடக்கூடாது என்பது விதி. அதனால் நான் ஆடியதில்லை.

பகலில் நூற்பாலையில் என் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். நூலைச் சோதனை இயந்திரத்தில் ஓட்டி எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று பார்க்க வேண்டும். தடிப்பு இருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டச் சொல்வோம். யாரும் அதைக் கொடுமை என்று சொல்வதில்லை.

இனி ராம்குமார். அவன் என் சிநேகிதன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். எனக்கு அவனைவிட நெருக்கமாக யாரும் கிடையாது. படிப்பில் சுமார். நான் விடிய எழுந்து படித்து வாங்கிய மார்க்கில் பாதிகூட அவன் வாங்கியதில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் டிராக்டர் ஷோரூமில் சேல்ஸ் வேலையில் சேர்ந்து ஐந்தே வருடத்தில் மேனேஜர். வத்திராயிருப்பிலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் வருகிற விவசாயிகள் ‘ராம்கு இருக்காப்லயா’ என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளேயே வருவார்கள். நான் பதினோரு வருடமாக அதே சோதனைக்கூடத்தில் அதே நாற்காலியில் இருக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவன் எந்த முயற்சியும் செய்யாமலே எல்லாம் நடக்கும், அதை மட்டும் கவனித்திருக்கிறேன்.

முனீஸ்வரியைப் பற்றிக் கேட்டீர்கள். வத்திராயிருப்பில் அந்த வீட்டுக்கு முதலில் பெண் பார்க்கப் போனது எங்கள் குடும்பம். ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மறு வருடம் அவளுக்கும் ராம்குமாருக்கும் கல்யாணம். அவனுக்கும் எனக்கும் ஒரே நட்சத்திரம். நான் ஒன்றும் கேட்கவில்லை. பந்தியில் நின்று சாம்பார் ஊற்றினேன். அவள் என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

ராம்குமாருக்கு வலிப்பு உண்டு. பிளஸ் டூ படிக்கும்போது கண்மாயில் குளிக்கப் போன இடத்தில் முதல் தடவை வந்தது. நானும் அவனும் மட்டும்தான். தண்ணீருக்குள் சரிந்தவனை நான்தான் கரைக்கு இழுத்துப் போட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நினைவு வருகிறவரை பக்கத்தில் இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மதுரையில் டாக்டரைப் பார்த்தான். தினமும் மாத்திரை. அதற்குப் பிறகு ஒருதரம்கூட வரவில்லை. மாத்திரை இருக்கிறவரை அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் லைசென்ஸ் போகும், டிராக்டர் ஓட்டிக் காட்ட முடியாது, வேலையும் போகும். முனீஸ்வரியிடம் மட்டும் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டான். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரு நோயும் இல்லாத என்னை ஜாதகத்தைக் காட்டி அனுப்பினார்கள். இதைக் கணக்குக்காகத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லா மருந்துக்கடைக்காரர்களும் அவனுக்குப் பழக்கம். அதனால் மாதம் ஒருமுறை ராஜபாளையத்தில் நான் வாங்கி வருவேன். ஷோரூம் மேசையில் பார்க்கிறவர்கள் பெயரைப் படித்துவிடக் கூடாது என்று மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு சத்து மாத்திரை பாட்டிலில் போட்டுக் கொடுப்பேன். அது அவன் சொன்ன யோசனைதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான் நடந்தது. ஒரு மாதம்கூட நான் தவறவிட்டதில்லை.

குழுவில் முதல் வருடம் அவன் ஜெயித்தான். இரண்டாம் வருடமும் அவன்தான். மூன்றாம் வருடம் திருப்பூர்க்காரன் ஒருவன் ஜெயித்தான், நான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் மறுபடி ராம்குமார். சலுகை சரியாக இருந்தால் யாருக்கும் பாதிக்குப் பாதிதான் சரியாக வரவேண்டும், மேடம். அவனுக்கு மட்டும் பத்தில் ஏழு சரியாக வந்தது. இது நடக்கக்கூடாத விஷயம். ஐந்தாம் வருடம் அவனுக்கே ஒரு சலுகைக் கழிவு வைத்தேன். ஒவ்வொரு வாரமும் அவன் இரண்டு புள்ளி பின்னாலிருந்து தொடங்க வேண்டும். ‘சரிலே, வச்சுக்கோ’ என்று சிரித்துவிட்டு அந்த வருடமும் ஜெயித்தான்.

போன மார்கழியில் மாரிசாமி துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடையில் ஏழெட்டுப் பேர் கூடினோம். கோப்பையை நான்தான் ராம்குமார் கையில் கொடுத்தேன். மாரிசாமி கேட்டான்.

“ஏலே ராம்கு, எப்படிலே வருசா வருசம் ஒனக்கே விழுது? காரப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

“காரப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது. நான் ஒரு ரேஸகூட முழுசாப் பாத்தது இல்ல.”

“பொறவு?”

“நான் விக்கியத்தான் பாக்கேன்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விக்னேஷ்வரன் என்ற பெயரை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. ராம்குமார் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

“இவனுக்கு முன்னால ஓடுறவனக் கண்டாலே ஆகாதுலே. நாலு எடம் கொடுக்க வேண்டிய எடத்துல ஆறு கொடுத்துருவான். எவன் லேசா ஜெயிக்கானோ அவன எம்புட்டு கீழ தள்ள முடியுமோ அம்புட்டு தள்ளுவான். நான் கண்ண மூடிக்கிட்டு பின்னால வாரவன எடுத்துருவேன். முக்காவாசி விழுந்துரும்.”

“அட, இது தெரியாமப் போச்சே.”

“விக்கி நல்லவன்தாம்லே. அவனுக்கு மாப்பிள்ளையப் புடிக்காது, அம்புட்டுதான்.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

மறுநாள் மில்லில் சாப்பாட்டு நேரத்தில் பழைய பந்தயங்களை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். முன்னால் ஓடுகிறவர்களுக்கு எதிராக நான் ஒவ்வொரு வாரமும் ஓர் இடம், ஒன்றரை இடம் கூடுதலாகவே கொடுத்திருந்தேன். எனக்குத் தெரியாமலே கொடுத்திருந்தேன். அவன் பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன், மேடம். உண்மையைச் சொன்னான். அதையும் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னான்.

புது சீசன் ஆரம்பித்தது. முதல் வாரம் பத்து ஜோடியிலும் பதினொரு பேரும் பின்னால் வருகிறவரையே எடுத்திருந்தார்கள். இரண்டாவது வாரம் சலுகையைக் குறைத்தேன். ‘விக்கி திருந்திட்டான்’ என்று ஒருவன் எழுதினான், கீழே சிரிக்கிற முகங்கள். மூன்றாவது வாரம் ‘விக்கி, ஒனக்கு எத்தன எடம் வேணும் சொல்லு, நாங்க தாரோம்’ என்று இன்னொருவன். ராம்குமாரும் அதற்குச் சிரிக்கிற முகம் போட்டிருந்தான். நான் ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியதை அவன் ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரத்தில் கலைத்துவிட்டான். அதுவும் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் எதையுமே வேண்டுமென்று செய்வதில்லை. அவனுக்கு அதற்குத் தேவை இருந்ததில்லை.

கோபம் என்றால் கத்துவது என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படி வராது. நடு நெஞ்சில் ஒரு சூடு உட்கார்ந்துகொள்ளும். சாப்பிடலாம், தூங்கலாம், வேலைக்குப் போகலாம். சூடு மட்டும் இறங்காது.

அந்த மாதம் பாட்டிலில் நான் வேறு எதுவும் போடவில்லை. பாட்டிலின் மேலே என்ன எழுதியிருந்ததோ அதையே உள்ளேயும் வைத்தேன். சத்து மாத்திரை. பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ராம்குமார் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

“என்னலே, கலர் கொஞ்சம் மங்கி இருக்கு?”

“வேற கம்பெனி. மருந்து ஒண்ணுதான்.”

“சரி” என்று விழுங்கினான். அவ்வளவுதான். அவன் என்னை அந்த அளவுக்கு நம்பினான்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். சாகட்டும் என்று நினைக்கவில்லை. ஷோரூமில் நாலு பேர் முன்னால் ஒருதரம் விழட்டும் என்று நினைத்தேன். வாயில் நுரை தள்ளட்டும். விவசாயிகள் பார்க்கட்டும். அவனைத் தேடி வருகிறவர்கள் கொஞ்சம் தயங்கி வரட்டும். எழுந்து மறுபடியும் ஓடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? மற்றவர்களெல்லாம் எங்கிருந்து ஓடுகிறோமோ அங்கிருந்து ஓடட்டும். அதுதான் நான் நினைத்தது.

வண்டி ஓட்டுவான் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனும் முனீஸ்வரியும் வத்திராயிருப்புக்கு அவளுடைய அம்மாவைப் பார்க்க பைக்கில் போனார்கள். அந்த ரோட்டில் தென்னந்தோப்பு தாண்டி ஒரு சின்னப் பாலம் வரும். வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. எதிரே வந்த வேன்காரர், ஓட்டியவன் உடம்பு மோதுவதற்கு முன்பே முறுக்கிக்கொண்டிருந்தது என்று சொன்னார். ராம்குமாருக்குத் தொடை எலும்பும் தோள் எலும்பும் முறிந்தன. முனீஸ்வரி அங்கேயே இறந்துவிட்டாள். முப்பத்தோரு வயது.

ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வர அவன் வீட்டுக்குப் போனவன் நான். அப்போதே பாட்டிலில் சரியான மாத்திரையை மாற்றி வைத்துவிட்டேன். நீங்களே பிறகு அந்தப் பாட்டிலை எடுத்துச் சோதித்தீர்கள். ரத்தத்தில் மருந்து துளிகூட இல்லை, பாட்டிலில் நல்ல மாத்திரை இருக்கிறது. அப்படியென்றால் அவன் போடவில்லை என்றுதானே அர்த்தம்? டாக்டரும் அதைத்தான் சொன்னார். ‘தெனமும் போட்டேன் சார்’ என்று ராம்குமார் இரண்டு நாள் சொன்னான். மூன்றாம் நாள் சொல்லவில்லை. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“விக்கி, நான் போட்டேனாலே? எனக்கே சந்தேகமா இருக்கு.”

“ஞாபகம் இல்லேன்னா விடு.”

“மறந்துட்டேன் போல. மறந்து அவளக் கொன்னுட்டேன்.”

நான் மறுக்கவில்லை.

நோயை மறைத்து, மாத்திரை போடாமல் வண்டி ஓட்டி மனைவி சாவுக்குக் காரணமானான் என்று அவன் மேல் நீங்கள் வழக்குப் போட்டீர்கள். ஷோரூமில் வேலை போயிற்று. லைசென்ஸ் போயிற்று. குழுவிலிருந்து அவனே விலகிவிட்டான். தெருவில் பெண்கள் அவன் வீட்டு வாசலைப் பார்க்காமல் நடந்தார்கள். அழக்கூட இல்லை அவன், சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. நான்தான் தினமும் மில் முடிந்து பஸ் பிடித்துப் போய் அவனைக் குளிப்பாட்டினேன். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே எந்த வித்தியாசமும் இல்லாத நாட்கள் அவை. நெஞ்சில் இருந்த சூடுகூட இறங்கியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

சுடலைமாடத்தி வந்ததில்தான் எல்லாம் கெட்டது. முனீஸ்வரியின் அம்மா. காரியம் முடிந்த பிறகு ஒரு மத்தியான நேரம் வத்திராயிருப்பிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருவே வெளியில் வந்து நின்றது. மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். மறைக்கவில்லை, ஆசையோடுதான் எதிர்பார்த்தேன். பெற்ற மகளைக் கொன்றவன், நோயை மறைத்துக் கட்டியவன். இவனைக்கூட வெறுக்காமல் இருக்க முடியுமா?

அந்த அம்மாள் உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். அடுக்களையில் போய்ச் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“வாயத் தொற.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “என்னத் தொடாதிய அத்த. நான்தான் அவள…”

“எம் மக போயிட்டா. நீயும் போயிட்டா நான் யாருட்டப் போயி அவளப் பத்திப் பேசுவேன்? ஒன் நோவு அவளுக்குத் தெரியுமாம்லா. தெரிஞ்சுதான கட்டுனா? பொறவு நான் என்ன பேசக் கெடக்கு? தொற வாய.”

அவன் வாயைத் திறந்தான். அந்த அம்மாள் ஊட்டினார். ஊட்டிக்கொண்டே அழுதார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். துக்கத்தால் இல்லை, மேடம். இதற்கு மேல் ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? வேலை போய், கால் போய், பெண்டாட்டி போய், ஊர் முழுக்கக் கொலைகாரன் என்று பேர் வாங்கிக் கட்டிலில் கிடக்கிறான். அப்போதும் அவனுக்கு ஊட்டிவிட ஒரு கை ஐம்பது மைல் நடந்தாவது வந்துவிடும் போலிருந்தது. வத்திராயிருப்பில் அந்த அம்மாளின் வீட்டு வாசலில் ஒருகாலத்தில் நானும் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் கையால் எனக்கு ஒரு தம்ளர் காப்பிதான் கிடைத்தது. நான் அந்தக் கட்டிலில் கிடந்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் சொன்னேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதாதீர்கள். உறுத்தவில்லை. அந்த அம்மாள் ஊட்டுவதை நிறுத்த வேண்டும், அதற்குத்தான் சொன்னேன்.

“அவன் மாத்திரைய மறக்கல. நான்தான் கொடுக்கல.”

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. “என்னய்யா சொல்லுத?”

“பாட்டில்ல வேற மாத்திர இருந்துச்சு. நான்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்.”

சோற்றுக் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் என் பக்கம் வரவில்லை. திரும்பி, எச்சில் கையோடு ராம்குமார் முகத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

“ஏய்யா, கேட்டியா? நீ மறக்கலயாம்யா. நீ ஒண்ணும் செய்யலயாம். எம் பிள்ள நீ ஒண்ணுமே செய்யல.”

அப்போதுதான் அவன் அழுதான். விபத்து நடந்ததிலிருந்து முதல் தடவையாக, சத்தம் போட்டு அழுதான். அந்த அம்மாள் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவன் மேல் இருந்த அத்தனை பாரத்தையும் என் வாயாலேயே இறக்கி வைத்துவிட்டேன் என்று எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே நிற்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து ராம்குமார் தலையைத் தூக்கினான்.

“என் மேல ஒனக்குக் கோவம், சரி. அவ ஒனக்கு என்னலே செஞ்சா?”

“அவளுக்கு நான் ஒண்ணும் செய்யல” என்றேன்.

சுடலைமாடத்தி வாசலைக் காட்டினார். “போயிரு. செருப்ப எடுத்துக்கிட்டுப் போ. ஒஞ் செருப்புகூட இந்த வாசல்ல கெடக்கக் கூடாது.”

எடுத்துக்கொண்டேன். நேராக இங்கே வந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செல்போனைப் பார்த்தால் கேட்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முனீஸ்வரி எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, இவியளுக்கு விடியக்காலம் கை ஒரு மாதிரி வெட்டி வெட்டி இழுத்துச்சு. எனக்குப் பயமா இருக்கு. பஸ்லயே போயிரட்டா?”

அவளுக்கு இதைப் பற்றிக் கேட்க உலகத்தில் என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. நான் கொஞ்சம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

“ஒண்ணும் இல்லம்மா. தூக்கம் பத்தாம இருக்கும். பஸ்ஸுன்னா எம்புட்டு நேரம் காத்துக் கெடப்பிய? வண்டியிலயே போங்க.”

“நீங்க சொன்னா சரிண்ணே” என்றாள்.

அன்றைக்கு நான் ஜோடிகளைப் போட்டு முடிக்கும்போதுதான் செய்தி வந்தது. அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன். ஏறியது அவர்கள். நான் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னது அந்த அர்த்தத்தில்தான்.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. மாத்திரையை மாற்றியது நான். மறுபடி மாற்றி வைத்து அவனை மாட்டிவிட்டதும் நான். வண்டியில் போகச் சொன்னதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். போடுவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். ராம்குமார் மேல் போட்ட வழக்கை எடுத்துவிடுவார்கள் என்று ஏட்டையா சொன்னார். முழுதாக எடுத்துவிடாதீர்கள், மேடம். நோயை மறைத்து லைசென்ஸ் வாங்கினானே, அதையாவது அவன் பேரில் விட்டுவையுங்கள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஜெயிலில் இருப்பேன். அவன் ஒரு குற்றமும் இல்லாதவனாக அந்த அம்மாள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அது எப்படி நியாயமாகும்?